படம் போடுவது யார்?

புகார் எங்கும் ஒன்றுதான். புது வெர்ஷன் போட்ட பிறகு மெனு விக்கி விக்கி இறங்குகிறது. பக்கத்தை உருட்டினால் வரிகள் இழுபட்டு வருகின்றன. காத்திருக்கச் சொல்லிச் சுழலும் சக்கரமே பாதியில் நின்றுவிடுகிறது. கேட்டால் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: மெஷின் பழசு, மாற்றிவிடுங்கள். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய பிறகு, இப்படிச் சொல்வது இன்னும் சுலபமாகிவிட்டது. நான்கு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சின்ன அச்சகக்காரருக்கு அது லேசான செலவல்ல.

பல நேரங்களில் அது அவசியமும் அல்ல. புனேயின் மேற்கு ஓரத்தில், ஹிஞ்சவாடி கட்டடங்களில் சாஃப்ட்வேர் எழுதும் இளைஞர்கள் இதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதே ஊரில், 1988-ல் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனத்தில் இதன் தாத்தா பிரச்சினை ஒன்று தீர்க்கப்பட்டிருக்கிறது. சி-டாக் என்றதும் 1991-ல் வந்த பரம் சூப்பர் கம்ப்யூட்டர்தான் எல்லோருக்கும் நினைவு வரும். அந்தப் புகழின் நிழலில் மறைந்துபோனது கிஸ்ட் கார்டு.

அன்றைய பி.சி. ஆங்கிலத்துக்காகப் பிறந்தது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று அச்சுக் கோப்பதுபோல் திரையை நிரப்பும். தமிழின் 'கொ' அதில் அடங்காது. சொல்வது ஓர் எழுத்து. திரையில் முன்னால் ஒரு கொம்பு, நடுவில் 'க', பின்னால் ஒரு கால். தேவநாகரியின் கூட்டெழுத்துகள் இன்னும் மோசம். இதையெல்லாம் அந்தக் காலத்து ப்ராசஸரே செய்யட்டும் என்று விட்டிருந்தால் திரை நொண்டியிருக்கும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஆரம்பித்துப் புனேயில் வளர்ந்த கிஸ்ட் தொழில்நுட்பம் வேறு வழியில் போனது. எழுத்து கோக்கும் வேலையை கம்ப்யூட்டருக்குள் செருகும் தனி கார்டிடம் ஒப்படைத்தது. ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட வேர்ட்ஸ்டாரும் டிபேஸும் இந்திய மொழிகளில் பேசின.

இன்று எழுத்து கோப்பது ப்ராசஸருக்கு ஒரு பொருட்டே அல்ல. மெல்ல மங்கி மறையும் ஒரு மெனுவுக்குத்தான் கார்டு தேவைப்படுகிறது! காலத்தின் கேலி.

கணக்கு எளிது. சாதாரணத் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். அதற்குள் படம் தயாராகாவிட்டால் பழைய படமே மீண்டும் வரும். கண்ணுக்கு அது விக்கல். மேஜைக் கம்ப்யூட்டரில் ஓடும் புதிய அப்ளிகேஷன்கள் பலவும் எலக்ட்ரான் என்ற சட்டகத்தின் மேல் கட்டப்பட்டவை. 2013-ல் கிட்ஹப் நிறுவனத்தில் தொடங்கிய இந்தச் சட்டகம் ஒவ்வொரு அப்ளிகேஷனுக்குள்ளும் குரோமியம் பிரவுசர் ஒன்றை முழுசாக வைத்து அனுப்புகிறது. ஸ்லாக், வி.எஸ்.கோட் எல்லாம் இந்த ரகம். பிரவுசர் தன் படங்களை கிராபிக்ஸ் சிப்பிடம் கொடுத்து வரையச் சொல்லும். சிப் கைக்கு எட்டாவிட்டால் ப்ராசஸரே தூரிகையை எடுத்துக்கொள்ளும். வம்பு என்னவென்றால், அது இதை யாரிடமும் சொல்வதில்லை.

சிப் ஏன் எட்டாமல் போகிறது? டிரைவர் பழசாகி, குரோமியத்தின் தடைப் பட்டியலில் சேர்ந்திருக்கலாம். அல்லது அப்ளிகேஷன் வேறொரு மெஷினுக்குள் போலியாக உருவாக்கிய மெஷினில் ஓடலாம். கடல் கடந்த வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரை ரிமோட் டெஸ்க்டாப்பில் திறந்து வேலை பார்க்கிறவர்களுக்கு இது பழகிய தலைவலி. இந்த நிலையில் கூடுதல் மெமரி வாங்கிப் போடுவது, கண்ணாடி வேண்டியவருக்குச் செருப்பு வாங்கிக் கொடுப்பதுபோல.

கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை உருட்டிப் பார்க்கலாம். ப்ராசஸர் கோடு எகிற, கிராபிக்ஸ் கோடு படுத்தே கிடந்தால் சந்தேகம் உறுதி. முதலில் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். சில சமயம் கோளாறு தலைகீழாகவும் இருக்கும்: டிரைவரே கெட்டு, சிப்பை ஒதுக்கினால்தான் அப்ளிகேஷன் ஒழுங்காக ஓடும். அதற்காகவே வி.எஸ்.கோடில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

சிப் ஒழுங்காக வேலை செய்தும் திரை விக்கினால் குற்றவாளி எழுதியவர்தான். ஒரு பெட்டியை நகர்த்த அதன் இடது ஓர அளவை மாற்றிக்கொண்டே போனால், பிரவுசர் ஒவ்வொரு முறையும் பக்கத்தை அளந்து மறுபடி வரைகிறது. அதையே டிரான்ஸ்ஃபார்ம் என்ற கட்டளையில் சொன்னால், வரைந்த படத்தை சிப் அப்படியே தள்ளி வைத்துவிடும். பெரிய கணக்கு ஒன்றை முக்கிய இழையிலேயே ஓடவிட்டால் சக்கரம் நிற்கத்தான் செய்யும்.

எழுதியவரின் மேஜையில் இது தெரியாது. அங்கே இருப்பது விலை உயர்ந்த மெஷின். ஆனால் குரோமின் டெவலப்பர் கருவிகளிலேயே ப்ராசஸரை நான்கு மடங்கு, ஆறு மடங்கு மந்தமாக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் கிராபிக்ஸ் உதவியை நிறுத்தவும் முடியும். மெஷினை மாற்றச் சொல்லி அச்சகக்காரருக்குப் பதில் எழுதுவதற்கு முன், ஒரு மத்தியானம் இரண்டையும் போட்டுப் பார்க்கலாம்.