குடிக்காதவருக்கும் ஈரல் புற்றுநோயா?

"ஒரு சொட்டு மதுவும் தொடாத மனிதர். அவருக்கு எப்படி ஈரல் புற்றுநோய் வந்தது?" அண்மையில் ஒரு ஜனாஸா வீட்டில் நான் கேட்ட கேள்வி இது.

2022இல் உலகில் சுமார் ஏழரை இலட்சம் பேர் இந்நோயால் மரணித்தனர். ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களே இன்றும் பிரதான காரணிகள். ஆனால் அவற்றின் பிடி தளர்கிறது. 1984இல் தாய்வான் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஏற்றத் தொடங்கிய பின், அங்கு சிறுவர்களிடையே ஈரல் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது. இலங்கையிலும் 2003 முதல் இத்தடுப்பூசி வழங்கப்படுகிறது. எகிப்து கோடிக்கணக்கானோரைப் பரிசோதித்து, ஹெபடைடிஸ் சி தொற்றியவர்களுக்குச் சிகிச்சை அளித்தது.

மறுபுறம் உடற்பருமனும் நீரிழிவும் பெருகுகின்றன. ஈரலில் படியும் கொழுப்பு அழற்சியாகி, தழும்பாகி, சிலருக்குப் புற்றுநோயில் முடிகிறது. பல வருடங்களுக்கு வலியே இருக்காது.

மதுவைத் தவிர்த்து ஒரு வாசலை அடைத்துவிட்டோம். ஆனால் வலீமா சஹனிலும் வட்டிலப்பத்திலும் தினசரி சீனித் தேநீரிலும் இன்னொரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறோம். மார்க்கம் ஹராமை மட்டுமல்ல, வீண்விரயமான உண்ணலையும் தடுத்திருக்கிறது.

சீனி வருத்தம் உள்ளவர்களே, அடுத்த கிளினிக்கில் உங்கள் ஈரலைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.