கொடி வேண்டும், கத்தரியும் வேண்டும்

நம் சங்கத்தின் சென்ற கூட்டத்தில் நண்பர் ஒருவர் எழுந்து, விடுதியின் பின்சுவர் முழுவதும் கொடி படர விடவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். மேலைநாட்டுப் பல்கலைக்கழகச் சுவரெல்லாம் ஐவிக் கொடி. அமெரிக்காவில் எட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அக்கொடியின் பெயராலேயே 'ஐவி லீக்' என்று பெயர் வழங்குகிறது அல்லவா என்றார். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் அவர் விட்டுவைக்கவில்லை. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. தீர்மானம் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் என் கருத்தை எழுதிவிடுகிறேன்.

நான் கொடிக்குப் பகைவன் அல்லன். ஆனால் நான் வாழ்வது நீலசந்திராவில். அங்கே இரண்டு வீடுகளுக்கு இடையே ஒரே சுவர். தோட்டம் என்பது சுவரோரத்து இரண்டடி மண். ரிச்மண்ட் டவுன் பங்களாக்களின் மதிலில் படர்ந்த பசுமையைக் கண்டு ஆசைப்பட்ட என் பெரியம்மா, 'வால் கிரீப்பர்' என்று நர்சரியில் விற்ற செடி ஒன்றை வாங்கி வந்து நட்டார். அது ஐவி அன்று. சீனம், ஜப்பான் பக்கத்திலிருந்து வந்த அத்தி இனம். ஆலுக்கும் அரசுக்கும் உறவு. உறவினரின் குணம் எங்கே போகும்?

முதலாண்டு அது ஏறவே தயங்கியது. "ஏற மாட்டேங்குதே" என்று பெரியம்மா நாள்தோறும் வருந்தி நீர் ஊற்றினார். மூன்றாம் ஆண்டில் சுவரே தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவால் சன்னலைத் திறக்க முடியவில்லை. ஐப்பசி மழையில் அவர்கள் அறையின் உட்சுவரில் ஈரம் கண்டது. பெரியம்மா மகன், என் அண்ணன், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரு கைகளாலும் கொடியைப் பற்றி இழுத்தான். கொடி வந்தது, கூடவே காரையும் பாளம் பாளமாக வந்தது. உள்ளே பழைய வெடிப்பு. அதனுள் விரல் பருமனில் வேர்! பூச்சுச் செலவு யாருடையது என்பதில் இரு வீட்டாரும் நான்கு மாதம் பேசிக்கொள்ளவில்லை. பொங்கலன்று நாங்கள் கொடுத்தனுப்பிய பாத்திரம் திறவாமலே திரும்பி வந்தது. இன்று பெரியம்மா சுவரைவிட்டுத் தள்ளி மூங்கில் நட்டு அவரை ஏற்றியிருக்கிறார்.

அவரையும் முல்லையும் கொழுகொம்பைச் சுற்றி ஏறுவன; பாகலும் பீர்க்கும் பற்றுக்கம்பி நீட்டுவன. நாம் கொம்பு தந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. ஐவியும் இந்த அத்தியும் அப்படியல்ல. மிளகைப்போல் தண்டிலிருந்தே பற்றுவேர் விடுவன. 1875இல் நூலாக வந்த தம் ஆராய்ச்சியில் டார்வின், இந்த அத்தியின் இளவேரைக் கண்ணாடித் துண்டில் மெல்லப் பொருத்தி வைத்துப் பார்த்ததைச் சொல்கிறார். ஒரு வாரத்தில் பிசுபிசுப்பான நீர் சிறு துளிகளாகக் கசிந்ததாம். கண்ணாடிக்கே பசை வைக்கத் தெரிந்த கொடிக்கு நம் விடுதிச் சுவர் எம்மாத்திரம்! பாரியின் காட்டில் இது இருந்திருந்தால், கேளாமலே தேரில் ஏறியிருக்கும்.

ஆயினும் கொடியைக் கொடியவன் ஆக்க நான் ஒருப்படேன். இங்கிலாந்தின் பழங்கட்டடங்களில் ஐவியை ஆராய்ந்த ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் 2010 வாக்கில் கூறிய முடிவு நடுநிலையானது. பழுதில்லாத சுவருக்கு ஐவி ஒரு போர்வை. வெப்பமும் குளிரும் மிகாமல் காக்கிறது. முன்பே வெடித்த சுவராயின் வேர் உள்ளே புகுந்து வெடிப்பைப் பெரிதாக்குகிறது. எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். வெடிப்பை அடைக்கவேண்டிய நாங்கள் அதைப் பச்சை இலையால் மூடினோம்.

விடுதிப் பின்சுவரில் குளியலறைக் குழாயை ஒட்டி ஒரு வெடிப்பு இருப்பதை நண்பர் பார்த்தாரா? முதலில் கொத்தனார் வரட்டும். பிறகு கொடி வரட்டும். வந்தபின் ஆண்டுக்கு மூன்று நான்கு முறையேனும் வெட்டவேண்டும். சன்னலுக்கும் கூரைக்கும் ஓரடி இப்பாலேயே நிறுத்தவேண்டும். முதிர்ந்த கொடி, பெரிய தடித்த இலைகளோடு சுவரைவிட்டு வெளியே கிளை நீட்டும். அதைத் தலைகாட்டியதுமே அறுப்பது நலம். கையுறை கட்டாயம். அதன் பால் பட்ட தோலில் வெயிலும் பட்டால் கொப்புளம் எழக்கூடும், அண்ணனைக் கேளுங்கள். கொடியே வேண்டாம் என்றாலும் இழுக்கலாகாது. அடியில் அறுத்து, வாடவிட்டு, துண்டு துண்டாக எடுத்து, எஞ்சிய வேர்த்தடத்தைத் தேய்த்துப் போக்கவேண்டும்.

இவ்வளவும் செய்வது யார்? தீர்மானத்திற்குக் கை தூக்கும் நாம் மூன்றாண்டில் பட்டத்தோடு போய்விடுவோம். கொடி வலுப்பெறுவதோ மூன்றாம் ஆண்டில்தான். நட்ட பெருமை நமக்கு, இடிந்த காரை நம் தம்பி தங்கையர்க்கா? தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கவேண்டும் என்பேன்: ஆண்டுதோறும் செயலாளர், பொருளாளரைத் தேர்ந்தெடுப்பதுபோல் கத்தரி பிடிப்பவர் ஒருவரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இவ்வாண்டுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டுக்கு யார் என்று கூட்டத்தில் எழுந்து கேட்பேன்.