இரவல் இடத்தில் செடிப் பேச்சு!

"முருங்கையில் கம்பளிப் பூச்சி! என்ன செய்யலாம்?" நாசரேத் வட்டாரத்தில் மாடியிலும் கொல்லையிலும் செடி வளர்ப்பவர்கள் இன்று இப்படிக் கேட்பது செல்போனில்தான். உடனே பதிலும் வருகிறது. நல்ல காரியம்!

ஆனால், போன வருஷம் சொன்ன பதில் எங்கே? புதிதாகச் சேருகிறவருக்கு அது தெரியாது. மறுபடி அதே கேள்வி!

2001-ல் வந்த யாகூ குழுக்களிலும் தோட்டப் பிரியர்கள் வருஷக்கணக்கில் எழுதினார்கள். 2019 டிசம்பரில் பழைய கடிதங்களைக் கம்பெனி நீக்கியது. 2020 டிசம்பர் 15-ல் கடையையே மூடியது. நகல் எடுத்தவர் தப்பினார். மற்றவர்கள் கையைப் பிசைந்தார்கள்!

தேரி மண்ணில் தண்ணீர் நிற்காது. அதில் எது பிழைக்கும் என்பது இங்குள்ளவர்கள் பாடுபட்டுக் கண்டது. அது வீணாகலாமா?

தோட்டச் சங்கங்கள் 'எது இலவசம்?' என்று மட்டும் பார்த்தால் போதாது. 'நாளைக்கு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப முடியுமா?' என்றும் பார்க்கணும். பொறுப்பை ஒருவரிடமே விடாமல் மூன்று பேரிடம் கொடுக்கணும். நல்ல பதில்களை மாதாமாதம் நோட்டில் ஏற்றணும்.

வாடகை வீட்டிலும் செடி வைக்கலாம். விதை மட்டும் நம்ம பானையில் இருக்கணும்!