அப்பா, அம்மாவின் எடை... பிள்ளைகளையும் துரத்துமா?

``எங்க வீட்ல எல்லாருக்குமே கொஞ்சம் பெரிய உடம்புதான். எனக்கு மட்டும் எப்படிக் குறையும்?'' - ஜிம்மில் சேர்ந்து மூணாவது மாசமே நின்றுவிட்டவர்கள் பலரும் சொல்கிற பதில் இது. இது சாக்கா, உண்மையா?

உண்மை இருக்கிறது என்கிறது நார்வேயின் ட்ரோம்சோ ஆய்வு. 1994-95-ல் 40 முதல் 59 வயதுக்குள் இருந்த பெற்றோரின் பிஎம்ஐ-யையும், 2015-16-ல் அதே வயதுக்கு வந்துவிட்ட அவர்களுடைய பிள்ளைகளின் பிஎம்ஐ-யையும் ஒப்பிட்டார்கள். அப்பா, அம்மா, பிள்ளை என மொத்தம் 2,068 ஜோடிப்புகள். 2024-ல் வெளியான முடிவு இதுதான்... பெற்றோர் இருவருக்கும் நடுவயதில் உடல்பருமன் இருந்திருந்தால், பிள்ளைக்கும் அதே வயதில் அது வருகிற வாய்ப்பு, சரியான எடையுள்ள பெற்றோரின் பிள்ளையைவிட சுமார் 6 மடங்கு அதிகம். ஒருவருக்கு மட்டும் இருந்தால், 3 மடங்குக்கு மேல். அது அம்மாவா, அப்பாவா என்பதில் பெரிய வித்தியாசமில்லை. ஆக, `அம்மா ஊட்டி ஊட்டியே கெடுத்துட்டாங்க' என்று ஒருவர் மீதே பழிபோட முடியாது.

இது மரபணுவா, வீட்டுச் சாப்பாடா? 1986-ல் டென்மார்க்கில் தத்துப்பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், வளர்ந்த பிறகு அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களோடுதான் ஒத்துப்போனது, வளர்த்தவர்களோடு இல்லை. மரபணுவின் பங்கு அவ்வளவு பெரியது.

அப்போ, எல்லாம் தலையெழுத்தா? இல்லை. நம்ம தமிழ்நாட்டையே பாருங்கள். தேசிய குடும்பநல ஆய்வின்படி, அதிக எடையோ, உடல்பருமனோ உள்ள பெண்கள் 2015-16-ல் 30.9 சதவிகிதம். அடுத்த ஆய்வில் (2019-21) 40.4 சதவிகிதம். நாலைந்து வருஷத்தில் மரபணு மாறிவிடாது. மாறியது நாம் சாப்பிடுவதும், உட்கார்ந்தே இருப்பதும், தூங்குகிற நேரமும்தான். மரபணு போட்டுவைத்த விதைக்குத் தண்ணீர் ஊற்றுவது இவைதான்.

அதனால், உங்கள் அப்பா, அம்மா 40 வயதில் எப்படி இருந்தார்கள் என்று பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். இருவருமே பருமனாக இருந்திருந்தால், முப்பதிலேயே உஷாராகிவிடுங்கள். இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-ஐத் தொட்டாலே கவனம் தேவை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ, பெண்களுக்கு 80 செ.மீ-க்குள் இருப்பது நல்லது. சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று... அடுத்தமுறை விசேஷ வீட்டில் யாராவது `அப்படியே அம்மா உடம்பு' என்று ஒரு பெண்ணைக் கிண்டலடித்தால், சேர்ந்து சிரிக்காதீர்கள். மற்றவர்களைவிட அவள் கூடுதலாகப் போராட வேண்டியிருக்கிறது. அவளுக்குத் தேவை கிண்டல் இல்லை, கூடவே வாக்கிங் வர ஓர் ஆள்!