பூனைக்கு சுகர் போயே போச்சா?

பூனைக்கு சர்க்கரை வியாதி என்று சொன்னால் நம் ஊரில் முதலில் வருவது சிரிப்பு. "அடுத்து பிரஷர் மாத்திரையும் வாங்குவீங்களோ?" என்று நக்கல் வேறு. சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இங்கே சண்டை அவர்களோடு இல்லை. பூனைக்கு மாதக்கணக்கில் இன்சுலின் போட்டுத் தேற்றிவிட்டு, "போயே போச்சு" என்று ஊசியைத் தூக்கிப் போட்டு, அப்புறம் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காத நல்லவர்கள் இருக்கிறார்களே, அவர்களோடுதான் :-)

நாய்க்கு சர்க்கரை வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் இன்சுலின்தான். பூனைக் கதை வேறு. அதற்கு வருவது பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகை சர்க்கரை மாதிரி. பருத்த உடம்பு, ஓடாமல் படுத்தே கிடப்பது, ஸ்டீராய்டு மருந்து எல்லாம் சேர்ந்து கணையத்தைக் களைக்க வைக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏற ஏற, இன்சுலின் சுரக்கும் செல்கள் இன்னும் முடங்கும். வெளியிலிருந்து இன்சுலின் கொடுத்து, தீனியில் மாவுச்சத்தைக் குறைத்தால் அந்த செல்களில் ஒரு பகுதி மறுபடி வேலை செய்யத் தொடங்கும். ஊசியே இல்லாமல் நாலு வாரம் சர்க்கரை சரியாக நின்றால் டாக்டர்கள் அதை 'ரெமிஷன்' என்பார்கள். ரூம்ப், ராண்ட் இருவரும் 2009ல் வெளியிட்ட ஆய்வில், நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் கிளார்ஜின் இன்சுலினோடு கண்டிப்பான கட்டுப்பாட்டுக்கு வந்த பூனைகளில் 84 சதவீதம் இந்த நிலையை எட்டின.

நல்ல சேதிதான். ஆனால் ரெமிஷன் என்றால் குணம் இல்லை. அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அடங்கிய பூனைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு நோய் திரும்பி வருகிறது. சில மாதத்தில் வரலாம், வருஷம் கழித்தும் வரலாம்.

இதைப் புரிந்துகொள்ள பெரிய படிப்பு வேண்டாம். தேனி மாவட்டம் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல்களைப் பார்த்தாலே போதும். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை விளைகிற பூமி அது. மருந்தடித்து சாம்பல் நோய் அடங்கியதும் எந்த விவசாயியாவது பந்தலை எட்டிப் பார்க்காமல் இருப்பாரா? வானம் மூடினாலே போய் இலையைத் திருப்பிப் பார்ப்பார். நோய் போகவில்லை, காத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கொடிக்கு உள்ள இந்த மரியாதை பூனைக்கு ஏன் இல்லை?

"செலவாகுமே" என்பது முதல் சாக்கு. என்ன செலவு? தண்ணீர்க் கிண்ணம் வழக்கத்தை விட சீக்கிரம் காலியாகிறதா, மண்ணில் ஈரக்கட்டி பெரிதாகிறதா, நிறையத் தின்றும் இளைக்கிறதா, பின்னங்காலை மடித்துக் குதிகால் தரையில் பட நடக்கிறதா என்று பார்க்கக் காசா கேட்கிறார்கள்? திராட்சைப் பெட்டி நிறுக்கும் தராசிலேயே வாரம் ஒருமுறை பூனையையும் நிறுத்து, காலண்டரில் எழுதி வைக்கலாம். நாலு கிலோ பூனை 400 கிராம் குறைந்தால் பத்து சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம். கண்ணால் பார்த்தால் தெரியாது, தராசு சொல்லிவிடும்.

"டாக்டர்கிட்ட காட்டினா போதாதா?" இது இரண்டாவது. தேனியிலேயே 2020ல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, காட்ட வேண்டியதுதான். ஆனால் கூடையில் அடைத்து பஸ்ஸில் கொண்டுபோன பூனைக்கு பயத்திலேயே சர்க்கரை ஏறும். அந்த ஒரு அளவை வைத்து டாக்டர் என்ன முடிவு செய்வார்? முந்தின ஒன்றிரண்டு வாரத்தின் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனை உதவும். அதோடு வீட்டுக் குறிப்பும் இருந்தால்தான் அவருக்கு முழுப்படம் கிடைக்கும்.

மூன்றாவது சாக்கு, "கருவி இல்லையே". இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ல் வெளியான ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை. குளுக்கோமீட்டர் இல்லாத தெரு எது? காது ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம் போதும். ஒரே எச்சரிக்கை: மனிதருக்கான மீட்டர் பூனை ரத்தத்தைப் பொதுவாகக் குறைத்தே காட்டும். அதனால் அது நல்ல எண்ணைக் காட்டியதும் நிம்மதியாகிவிடக் கூடாது. ஒருமுறை லேப் அளவோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சிறுநீர்ப் பட்டையும் நல்லதுதான், ஆனால் ரத்தத்தில் சுமார் 250 மில்லிகிராமைத் தாண்டிய பிறகுதான் பூனைச் சிறுநீரில் சர்க்கரை தெரியும். பட்டை நிறம் மாறாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமல்ல. நிறம் மாறினால் அன்றே டாக்டர்.

"திரும்பி வந்தா மறுபடி ஊசி போட்டுக்கலாம்" என்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. இரண்டாம் முறை அடக்குவது முதல் முறையை விடக் கஷ்டம். கவனிக்காமல் விட்டால் கீட்டோன் சேர்ந்து, வாந்தியும் சோர்வுமாக சில நாளிலேயே உயிர் போகலாம். பழைய இன்சுலின் பாட்டிலை எடுத்து நீங்களே குத்துவது அதைவிட மோசம். சர்க்கரை தாழ்ந்தும் பூனை சாகும். 2022லும் 2023லும் அமெரிக்காவில் பூனைக்கான சர்க்கரை மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது உண்மை. ஏற்கனவே இன்சுலின் போட்ட பூனைக்கு அவை கூடாது என்பதும் அந்த அனுமதியிலேயே இருக்கிறது.

ஆக, செய்ய வேண்டியது இவ்வளவுதான். தேறிவிட்டதே என்று மறுபடி பால்சோறு வைக்காதீர்கள். சொறிக்கு ஊசி போடும் டாக்டரிடம், இது சர்க்கரை வந்து அடங்கின பூனை என்று முதலில் சொல்லுங்கள், அந்த ஊசி ஸ்டீராய்டாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம் தராசுக்கும் தண்ணீர்க் கிண்ணத்துக்கும் ஒதுக்குங்கள். மாதக்கணக்கில் ஊசி போட்ட கைக்கு இது பெரிய வேலையா என்ன?