பசி மயக்கம் என்று விட்டுவிடலாமா?

பசி மயக்கம் என்ற சொல் நமக்கெல்லாம் பழக்கமானது. விடியுமுன் வெறும் வயிற்றோடு ரப்பர் பால் வெட்டப் போகிறவர், ஒரு கட்டஞ்சாயாவைக் குடித்துவிட்டுத் திருவனந்தபுரம் ரயிலைப் பிடிக்க ஓடுகிற குமாஸ்தா, கட்டட வேலைக்குக் கல் சுமக்கும் சித்தாள் ஆகியோருக்கு முற்பகலில் கை நடுங்குவதும், குப்பென்று வியர்ப்பதும், கண் இருட்டுவதும் உண்டு. பக்கத்தில் இருப்பவர் ஒரு மிட்டாயோ சர்க்கரை கூட்டிய சாயாவோ வாங்கிக் கொடுக்கிறார். கால் மணி நேரத்தில் தெளிவு வந்துவிடுகிறது. 'வெறும் பசி மயக்கம்தான்' என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

திருப்புறம், பாறசாலை, காரோடு, குளத்தூர் என்று நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் எல்லையோரக் கிராமங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பெரும்பாலும் அது பசி மயக்கமாகவே இருக்கவும் கூடும். ஆனால் ஒரு தடவை வந்து போனது மாதத்தில் நாலைந்து தடவை வருமானால், சாப்பிட்டிருந்தும் வருமானால், பரிசோதித்த இடத்தில் 'உமக்கு இரத்தத்தில் சர்க்கரை குறைவாக இருக்கிறதே' என்று சொல்லிவிட்டால், டாக்டரிடம் போவதா வேண்டாமா என்ற கேள்வி எழுகிறது. தினக்கூலிக்காரருக்கு இது சாதாரணக் கேள்வியல்ல. ஒரு நாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றையக் கூலி போயிற்று. ஆகவே இதில் தெளிவான ஒரு வழிமுறை வேண்டும்.

இரத்தத்தில் சர்க்கரை கூடுவதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அது குறைவதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. கூடுதல் சர்க்கரை பெரும்பாலும் பல ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கெடுதல் செய்வது. குறைந்த சர்க்கரையோ சில நிமிடங்களிலேயே ஆளை வீழ்த்திவிடும். மூளை இயங்குவதற்கு முக்கிய எரிபொருள் சர்க்கரையே. அந்த வரத்துக் குறைந்தால் உடம்பு முதலில் எச்சரிக்கை மணி அடிக்கிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, அகோரப் பசி ஆகியவை அந்த மணியோசை. அதற்குப் பின்னும் சர்க்கரை இறங்கினால் பார்வை மங்கும், பேச்சுக் குழறும், நடை தள்ளாடும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். இறுதியில் வலிப்போ நினைவிழப்போ ஏற்படலாம்.

சாதாரணமாக வெறும் வயிற்றில் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 70 முதல் 100 மில்லி கிராம் வரை சர்க்கரை இருக்கும். நீரிழிவுக்கு மருந்து சாப்பிடுகிறவருக்கு 70க்குக் கீழே போனாலே எச்சரிக்கை. 54க்குக் கீழே போனால் ஆபத்து. நீரிழிவு இல்லாதவருக்கு ஏறத்தாழ 55க்குக் கீழே இறங்கினால்தான் டாக்டர்கள் அதைக் காரணம் தேட வேண்டிய குறைவாகக் கொள்கிறார்கள். 66 என்றோ 68 என்றோ ஒரு தடவை காட்டியதற்காக, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதவர் உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. விரலில் குத்திப் பார்க்கும் சிறு கருவி 15 மில்லி கிராம் வரை கூட்டியோ குறைத்தோ காட்டலாம்; சர்வதேசத் தர விதியே அந்த அளவு பிழையை அனுமதிக்கிறது.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? இதற்கு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நல்ல அளவுகோல் வகுக்கப்பட்டிருக்கிறது. கணையத்தில் தோன்றும் ஒரு சிறு கட்டி அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரந்து சர்க்கரையை இறக்கிவிடுவதுண்டு. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட அதே டொராண்டோ நகரில், 1929ஆம் ஆண்டில் ராஸ்கோ கிரகாம் என்ற அறுவை மருத்துவர் அத்தகைய கட்டியை அகற்றி ஒரு நோயாளியைக் குணப்படுத்தினார். அதன் பிறகு மயக்கம் வந்தவர்கள் பலரும் தங்களுக்கும் அந்தக் கட்டிதானோ என்று ஐயுற்றனர். வீணாக யார் வயிற்றையும் கிழித்துவிடக் கூடாதே என்ற கவலையில், நியூயார்க் அறுவை நிபுணர் ஆலன் விப்பிள் 1930களில் மூன்று நிபந்தனைகளை விதித்தார். சர்க்கரை குறைவுக்குரிய தொந்தரவு இருக்க வேண்டும். தொந்தரவு இருக்கும் அந்த நேரத்திலேயே இரத்தத்தில் சர்க்கரை குறைவாக இருப்பது பரிசோதனையில் தெரிய வேண்டும். சர்க்கரையைக் கொடுத்து அளவை உயர்த்தியதும் தொந்தரவு நீங்க வேண்டும். மூன்றும் சேர்ந்திருந்தால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். இன்றைக்கும் உலகெங்கும் டாக்டர்கள் பின்பற்றும் அளவுகோல் இதுதான்.

இந்த மூன்றில் நம்மவர்கள் தவறவிடுவது இரண்டாவதை. முதலாவது உடம்புக்கே தெரியும். மூன்றாவதை மிட்டாய் காட்டிவிடும். ஆனால் மயங்கிய நேரத்தில் அளவு என்ன என்று யாரும் பார்ப்பதில்லை. மறுநாளோ மறுவாரமோ ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் கொடுத்தால் 90 என்று வரும். 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுவார்கள். நோயாளிக்கும் குழப்பம், டாக்டருக்கும் குழப்பம். கணையக் கட்டி உள்ள சிலர் வலிப்பு என்றும் மனநோய் என்றும் ஆண்டுக்கணக்கில் வேறு மருந்து சாப்பிட்டு வந்த வரலாறு மருத்துவ ஏடுகளில் உண்டு.

அந்தக் கட்டி மிக அபூர்வம். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் முதல் நான்கு பேர் வரைதான் அதற்கு ஆளாகிறார்கள். அதிலும் பத்தில் ஒன்பது பங்கு புற்றுநோய் அல்லாத, அறுவையால் குணமாகக்கூடிய கட்டி. நம் கிராமங்களில் முதலில் தேட வேண்டிய காரணங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. முதலாவது நீரிழிவு மருந்து. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும், சாப்பாடு தவறினால் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும். எல்லையோரத்தில் இதற்கு ஒரு தனி ஆபத்தும் உண்டு. பாறசாலையில் ஒரு டாக்டர் எழுதிய மாத்திரையையும் குழித்துறையில் இன்னொரு டாக்டர் எழுதியதையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர், ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயரில் விழுங்கிக்கொண்டிருக்கலாம். நீரிழிவே இல்லாத மகன், தகப்பனாரின் சர்க்கரை மாத்திரையை இரத்த அழுத்த மாத்திரை என்று எண்ணி எடுத்துவிடுவதும் நடக்கக் கூடியதே.

இரண்டாவது மது. சாப்பிடாத வேளைகளில் இரத்தத்துக்குச் சர்க்கரையைத் தயாரித்துக் கொடுப்பது கல்லீரல். அந்தத் தயாரிப்பை மது தடுத்துவிடுகிறது. மாலையில் குடித்துவிட்டுச் சோறு உண்ணாமல் படுப்பவருக்கு விடியற்காலையில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கலாம். வீட்டார் 'போதை தெளியவில்லை' என்று விட்டுவிடுவார்கள்; அது உயிருக்கே உலை வைத்துவிடும். இவை தவிர, கல்லீரல் கெட்டிருந்தாலும், சிறுநீரகம் செயலிழந்தாலும், அட்ரீனல் சுரப்பி குன்றினாலும், கடுமையான தொற்றுநோய் இருந்தாலும், முன்பு இரைப்பையில் அறுவை நடந்திருந்தாலும் சர்க்கரை குறையலாம். அதாவது, குறைந்த சர்க்கரை என்பது தானாக வரும் நோயல்ல; வேறொன்று உள்ளே இருப்பதைக் காட்டும் அறிகுறி. மிட்டாய் அறிகுறியை நீக்கும், காரணத்தை நீக்காது.

உரிய நேரத்தில் அளந்து பார்ப்பது எத்தனை பெரிய காரியம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு துயரமான சான்று இருக்கிறது. பீகாரில் முசாபர்பூர் மாவட்டத்தில் ஆண்டுதோறும் கோடையில் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து இறந்துகொண்டிருந்தனர். மூளைக் காய்ச்சல் என்றும், வெயிலின் கொடுமை என்றும் பலவிதமாகச் சொல்லப்பட்டது. 2014ஆம் ஆண்டு மே 26 முதல் ஜூலை 17 வரை அங்குள்ள இரண்டு ஆஸ்பத்திரிகளில் 390 குழந்தைகள் சேர்க்கப்பட்டு 122 பேர் மாண்டனர். அளந்து பார்த்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தத்தில் சர்க்கரை 70 அல்லது அதற்கும் கீழே இருந்தது. லிச்சிப் பழத்தில் உள்ள ஒரு நச்சும், இராச் சோறு இல்லாமல் படுத்ததும் சேர்ந்து செய்த வினை அது என்று 2017இல் ஆய்வு முடிவு வெளியாயிற்று. குழந்தைகளைப் பட்டினியாகப் படுக்கவிடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்ததும் சர்க்கரையை அளந்து குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்பதே மருத்துவ அதிகாரிகள் கொடுத்த அறிவுரை. அதைத் தொடர்ந்து சில ஆண்டுகள் சாவு குறைந்தது. 2019இல் மறுபடியும் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் பலியாயினர். அறிவுரை ஊர்தோறும் சென்று சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

நம் வாசகர்கள் பின்பற்றத்தக்க முறை இதுதான். மயக்கத்தில் நினைவு தப்பினாலோ, வலிப்பு வந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, சர்க்கரை கொடுத்தும் கால் மணி நேரத்தில் தெளியாவிட்டாலோ, யோசனைக்கு இடமில்லை. உடனே 108க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர் மயங்கித் தெளிந்துவிட்டாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். மருந்தின் வேகம் உடம்பில் இருக்கும் வரை மறுபடியும் இறங்கலாம்.

நீரிழிவு இல்லாதவருக்கு அடுத்தடுத்து வந்தால், முக்கியமாக விடியற்காலையில் வெறும் வயிற்றிலோ கடும் உழைப்புக்குப் பின்னோ வந்தால், சில நாட்களுக்குள் டாக்டரைப் பார்ப்பது அவசியம். அதற்கிடையில் மயக்கம் வந்தால், கருவி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் முதலில் ஒரு துளி இரத்தம் எடுத்து அளவைக் குறித்துக்கொண்டு, பிறகு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். கருவி இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். சர்க்கரையைக் குடித்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டால் போதும். எப்போது வந்தது, கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டது, எந்தெந்த மாத்திரை, மது உண்டா என்பவற்றை ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். டாக்டருக்கு அதைவிட உதவியான சாட்சியம் வேறு கிடையாது. தேவையானால் ஆஸ்பத்திரியில் சேர்த்து 72 மணி நேரம் வரை பட்டினி போட்டு இன்சுலின் அளவுகளைப் பார்ப்பார்கள். வீட்டிலே அந்தச் சோதனையைச் செய்து பார்க்க யாரும் துணியக் கூடாது.

சாப்பாடு தவறிய நாளில் மட்டும் எப்போதோ ஒரு தடவை கிறுகிறுப்பு வந்து, சாப்பிட்டதும் நீங்கி, பிறகு வராதவர் முதலில் சாப்பாட்டு நேரத்தை ஒழுங்கு செய்து பார்க்கலாம். அதற்குப் பின்னும் வந்தால் தாமதிக்கலாகாது.

எங்கே போவது? பாறசாலையில் தாலுகா ஆஸ்பத்திரியும் நெய்யாற்றின்கரையில் ஜெனரல் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. மேல் பரிசோதனைக்குத் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது. எல்லைக்கு அப்பால் குழித்துறை அரசு ஆஸ்பத்திரியும் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜும் உள்ளன. 1956 நவம்பர் 1ஆம் தேதி போட்ட கோடு விளவங்கோட்டை அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரையை இந்தப் பக்கமும் ஆக்கியது; நோய் அந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை. எந்தப் பக்கம் போனாலும் ஒரே இடத்தில் தொடர்ந்து காட்டுவதும், ஒரே நோட்டை எடுத்துச் செல்வதும்தான் முக்கியம்.

முதலாளிகளுக்கும் மேஸ்திரிகளுக்கும் ஒரு வார்த்தை. தள்ளாடுகிற தொழிலாளி எல்லோரும் குடித்தவரல்லர். வேலை நேரத்தில் குழறிப் பேசியதற்காக ஒருவரைக் குடிகாரர் என்று ஏசி வெளியே தள்ளுமுன், அவருக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது மனிதத்தன்மை. ஐந்து மணி நேர வேலைக்கு மேல் போகாமல் அரை மணி இடைவேளை தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே வகுத்தது. சூளைக்கும் தறிக்கும் கட்டட வேலைக்கும் அந்த நியாயம் பொருந்தாதா? வேலைத் தலத்தில் ஒரு பரிசோதனைக் கருவியும் ஒரு பொட்டலம் சர்க்கரையும் வைத்திருப்பது பெரிய செலவல்ல. தொழிற்சங்கங்கள் இதைக் கோரிக்கையாக வைக்கலாம். எல்லையோர ஆஸ்பத்திரிகளில் அறிவிப்புகளும் மருந்துக் குறிப்புகளும் தமிழிலும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. மாத்திரையின் பெயர் புரியாமல் விழுங்குவதால் வரும் கேட்டை அது பெருமளவு தடுக்கும்.

ஒரு நாள் கூலி போவது உண்மையிலேயே இழப்புத்தான். ஆனால் சாரத்தின் மேல் நிற்கும்போதோ வண்டி ஓட்டும்போதோ கண் இருட்டினால் இழப்பது ஒரு நாள் கூலியோடு நிற்காது. மயக்கம் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் அதற்குப் பசி என்று பெயரிட்டு மறைக்காமல், அளவைக் குறித்துக்கொண்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். இந்த வாரமே பார்ப்பது நல்லது.