அம்மம்மா எந்த வீட்டைச் சேர்ந்தவர்?

கடவுச்சொல்லைப் பகிர்வதுதான் அன்பு என்ற பொருளில் நெற்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2017 மார்ச்சில் ருவிற்றரில் ஒரு வரி எழுதியது. ஆறு வருடம் கழித்து, 2023 பெப்ரவரியில், அதே நிறுவனம் கனடாவில் இருக்கும் சந்தாதாரர்களுக்கு வேறு சேதி சொன்னது. ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான். வெளியே இருக்கிற ஒருவரைச் சேர்ப்பதென்றால் ஆளுக்கு மாதம் 7.99 டொலர். அப்படிச் சேர்க்கக்கூடியவர்கள் ஆகக்கூடியது இரண்டு பேர்.

அப்போது எல்லோரும் காசைப் பற்றிப் பேசினோம். இன்றைக்கும் விலை கூடும்போதெல்லாம் காசைப் பற்றித்தான் பேசுகிறோம். அந்த அறிவிப்பில் இருந்த 'வீடு' என்ற சொல்லைப் பெரிதாக யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்குள் யார் யார் அடக்கம் என்று ஒரு கம்பனி அந்தக் குடும்பத்துக்கே சொல்லிக்கொடுத்த இடம் அது.

கம்பனியின் கணக்கில் வீடு என்பது ஓர் இடம். ரீவியும் கைபேசியும் எந்த இணைய இணைப்பிலிருந்து வருகின்றன என்று பார்த்து அது தீர்மானிக்கிறது. இந்த வரையறையை எங்கள் ஆட்களில் ஒரு குடும்பத்தின்மீது வைத்துப் பாருங்கள். அப்பாவும் அம்மாவும் ஸ்காபரோவில். மகள் வாட்டர்லூவில் படிக்கிறாள். மகன் மொன்றியலில் வேலை. அம்மம்மா மார்க்கத்தில் மாமா வீட்டில். கடனட்டை அப்பாவினுடையது. வெளியே மூன்று பேர் இருக்கிறார்கள், ஆனால் இரண்டு இடம்தான் இருக்கிறது. யாரை விடுவது? பிள்ளைகளுக்கு அது தேவை என்பார்கள். அம்மம்மாவுக்கு என்ன, மாமா வீட்டில் ஏதாவது ஓடும் என்பார்கள்.

அதே வரையறைப்படி, பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் பொடியன், முழுப் பெயர்கூட எங்களுக்குச் சரியாகத் தெரியாதவன், எங்கள் வைஃபையில் இருந்தால் வீட்டுக்குள் வந்துவிடுகிறான். அம்மம்மா வெளி ஆள். எங்கள் குடும்பங்கள் ஒரு கூரைக்குக் கீழே இருந்து பல காலம் ஆகிறது. முதலில் போர் பிரித்தது. பிறகு வேலையும் படிப்பும் ரொறன்ரோவின் வீட்டு விலையும் பிரித்தன. பிரிந்தவர்களை ஒரே குடும்பமாக வைத்திருக்கத்தான் நாங்கள் தொலைபேசி அட்டை வாங்கினோம், உண்டியலில் காசு அனுப்பினோம், சீட்டுப் பிடித்தோம். அப்படிப்பட்ட ஒரு சமூகம் இந்த வரையறையை ஒரு முணுமுணுப்போடு ஏற்றுக்கொண்டு, மேலதிகக் கட்டணத்தையும் கட்டிவிட்டு இருக்கிறது.

"இதெல்லாம் ஒரு பிரச்சினையா? மாதத்துக்கு இரண்டு கோப்பிக் காசு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சரி, கணக்குப் பார்ப்போம். 2023இல் கனடாவில் விளம்பரமில்லாத சாதாரணத் திட்டம் 16.49 டொலர். வெளியே இருக்கும் ஒருவரைச் சேர்த்தால் 24.48. ஒன்ராறியோவின் 13 சதவீத விற்பனை வரியையும் போட்டால் வருடத்துக்கு ஏறத்தாழ 332 டொலர். இது ஒரு கம்பனிக்கு மட்டும். இதன்மேல் டிஸ்னி இருக்கிறது, அமேசான் இருக்கிறது, அம்மாவின் சீரியலுக்கு சன் நெக்ஸ்ற் இருக்கிறது, புதுப் படத்துக்கு இன்னொன்று இருக்கிறது. எல்லாமே தனித்தனித் திகதிகளில், தனித்தனிச் சிறு தொகைகளாகக் கடனட்டையில் விழுகின்றன. மொத்தமாக ஒரே நாளில் ஒரே பில்லாக வந்தால் எந்த வீட்டிலும் சண்டை வரும். அது அப்படி வருவதில்லை என்பதில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது.

நெற்ஃபிளிக்ஸ் 2010 செப்ரெம்பரில் கனடாவுக்கு வந்தபோது மாதம் 7.99 டொலர். 2025 ஜனவரியில் சாதாரணத் திட்டம் 18.99 ஆனது. இரண்டேகால் மடங்குக்கும் மேல். அதே காலத்தில் கனடாவின் பொதுவான விலைவாசி 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஏறியிருக்கிறது. 2010இல் அங்கே பார்க்க அதிகம் இருக்கவில்லை என்பது உண்மை. அதைக் கழித்தே பேசுவோம். ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 ஜனவரியில் விளம்பரத்தோடு வரும் மலிவுத் திட்டத்தின் விலை 5.99இலிருந்து 7.99 ஆனது. 2010இல் விளம்பரம் இல்லாமல் பார்க்கக் கொடுத்த அதே தொகையை, பதினைந்து வருடம் கழித்து, விளம்பரம் பார்ப்பதற்காகக் கொடுத்தோம்.

ஏன் இப்படி ஆனது? 2022ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் ஜூனில் கனடாவின் பணவீக்கம் 8.1 சதவீதத்தைத் தொட்டது. மத்திய வங்கி மார்ச்சில் 0.25இல் இருந்த வட்டியை ஏற்றத் தொடங்கியது. 2023 ஜூலையில் அது 5 சதவீதம். வீட்டுக்கடன் கட்டுகிறவர்களுக்கு அந்த மாதங்கள் எப்படிப் போயின என்று நான் சொல்லத் தேவையில்லை. அதே 2022இன் முதல் ஆறு மாதத்தில் நெற்ஃபிளிக்ஸ் பதினொரு இலட்சத்துக்கும் அதிகமான சந்தாதாரர்களை இழந்தது. ஏப்ரலில் ஒரே நாளில் அதன் பங்கு விலை 35 சதவீதம் விழுந்தது. காசு கட்டாமல் அடுத்தவர் கணக்கில் பார்க்கும் வீடுகள் உலகம் முழுவதும் 100 மில்லியனுக்கு மேல், அதில் 30 மில்லியன் அமெரிக்காவிலும் கனடாவிலும் என்று அப்போதுதான் அது பங்குதாரர்களிடம் சொன்னது. அதுவரை அன்பாக இருந்தது அன்றிலிருந்து கசிவாகிவிட்டது.

பிறகு நடந்ததெல்லாம் வரிசையாக நடந்தது. 2022 நவம்பரில் விளம்பரத் திட்டம். 2023 பெப்ரவரியில் வீட்டுக் கட்டுப்பாடு. அதே வருடம் ஜூனில், விளம்பரமில்லாத 9.99 டொலர் அடிப்படைத் திட்டம் கனடாவில் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டது. அமேசான் 2024 பெப்ரவரியில் கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஜெர்மனியிலும், ஏற்கெனவே காசு கட்டிப் பார்ப்பவர்களுக்கு நடுவில் விளம்பரத்தைச் செருகியது. அது வேண்டாமென்றால் கனடாவில் மேலும் 2.99. இவற்றால் யாரும் நட்டப்படவில்லை. நெற்ஃபிளிக்ஸின் சந்தாதாரர்கள் 2022 முடிவில் 231 மில்லியன். 2024 முடிவில் 300 மில்லியனுக்கு மேல். அந்த ஒரு வருடத்தில் அதன் செயற்பாட்டு இலாபம் 10 பில்லியன் அமெரிக்க டொலரைத் தாண்டியது. நாங்கள் சாமான் விலை பார்த்து வாங்கத் தொடங்கிய வருடங்களில், எங்களை நெருக்கினால் கட்டுவார்கள் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். கட்டினோம்.

இவ்வளவு கட்டியும் கையில் என்ன இருக்கிறது? நயன்தாரா நடித்த 'அன்னபூரணி' 2023 டிசம்பர் கடைசியில் நெற்ஃபிளிக்ஸில் வந்தது. இந்தியாவில் சிலர் மனம் புண்பட்டதென்று முறைப்பாடு செய்தார்கள். இரண்டு கிழமைக்குள் படம் காணாமல் போனது. இந்தியாவில் எழுந்த ஒரு புகாருக்காக ஒஸ்லோவிலும் சிட்னியிலும் சந்தா கட்டியவருக்கும் அது இல்லை. பிறகு இந்தியாவுக்கு வெளியே வேறொரு சிறு தளத்தில் வந்தது. அதற்கு வேறு சந்தா. படம் நல்லதா கூடாததா என்பது வேறு கதை. காசு கொடுத்தவரிடம் யாரும் கேட்கவில்லை. தன் தளத்துக்கென்றே தயாரித்த 'வில்லோ' தொடரை டிஸ்னி 2023 மேயில் தானே தூக்கியது. நாங்கள் கட்டுவது வாடகை. வீட்டுக்காரர் எந்த அறையையும் எப்போதும் பூட்டலாம்.

வீடியோக் கடைக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கசற்றுகளில் பாதி களவுப் பிரதி. படம் முழுக்க மழை பெய்யும். ஆனால் வெள்ளி எடுத்த கசற் திங்கள் திரும்பிப் போவதற்குள் நாலு வீடு பார்த்தது. கசற்றுக்கு எந்த வீடு என்று தெரியாது. இன்றைய ரீவிக்குத் தெரிகிறது.

இதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு பதில் இருக்கிறது: பொக்ஸ். யாரோ ஒருவர் பெட்டியைக் கொண்டுவந்து பூட்டிவிடுவார், உலகத்துச் சானல் எல்லாம் வரும், காசு கையில். கனடாவின் பெடரல் நீதிமன்றம் 2016இலேயே இப்படிப்பட்ட பெட்டி விற்பவர்களுக்குத் தடையுத்தரவு போட்டது. 2019இல் கோல்ட் ரிவி என்ற சேவையை முடக்கும்படி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. சட்டத்தை விடுங்கள். பெரிய கம்பனிக்கு எதிரான கலகம் என்று பொக்ஸுக்கு ஒரு நியாயம் கட்டுகிறோமே, அதுதான் பொய். பொக்ஸ்காரர் எடுக்கும் காசில் படம் எடுத்தவருக்கு ஒரு சதம் போவதில்லை. நெற்ஃபிளிக்ஸ் அதைத் தாங்கும். யாழ்ப்பாணத்திலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் கடன்பட்டுப் படம் எடுக்கும் எங்கள் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள்.

இந்தத் தளங்களால் நன்மையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். மிசிசாகாவில் வளர்ந்த மைத்ரேயி ராமகிருஷ்ணனைக் கதாநாயகியாக வைத்து 2020இலிருந்து நாலு பருவம் ஒரு தொடர் வந்தது. எங்கள் பெண்பிள்ளைகள் தங்கள் நிறத்தில் ஒரு முகத்தை அதில் பார்த்தார்கள். துணைத்தலைப்போடு தமிழ்ப்படம் வருவதால், தமிழ் தட்டுத்தடுமாறும் பேரப்பிள்ளையும் தாத்தாவும் ஒரே சோபாவில் இருக்கிறார்கள். இந்த நன்மைகள் பெரியவை என்பதால்தான், அவற்றை மாதவாடகைக்கு மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்கிறேன்.

ஆகவே செய்யக்கூடியதைப் பேசுவோம். முதலில், ஒரு நாள் இருந்து கடனட்டைக் கூற்றிலிருந்து எல்லாச் சந்தாவையும் ஒரு தாளில் எழுதுங்கள். வயதான பெற்றோரின் கூற்றையும் சேர்த்துப் பாருங்கள். இலவச மாதமென்று சேர்ந்து, நிறுத்தத் தெரியாமல் கட்டிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். பிறகு, ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்று வையுங்கள். மாதச் சந்தாக்களை எப்போதும் நிறுத்தலாம். திரும்பிப் போனால் கதவைத் திறந்துதான் வைத்திருப்பார்கள். இரண்டு மாதம் இது, இரண்டு மாதம் அது. விலையேற்ற மின்னஞ்சலுக்கு அவர்கள் வாசிக்கும் ஒரே பதில் நிறுத்துவதுதான். 2022இல் அதைத்தான் வாசித்தார்கள்.

பொதுப் பணத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஷியாம் செல்வதுரையின் நாவலைத் தழுவி தீபா மேத்தா எடுத்த 'ஃபன்னி போய்' வேறு பல நாடுகளில் நெற்ஃபிளிக்ஸில் வந்தது; கனடாவில் 2020இல் அதை சிபிசி ஒளிபரப்பியது. அதில் பேசப்பட்ட தமிழைப் பற்றிக் கோபப்பட்டவர்கள்கூடச் சந்தா கட்டாமல் பார்த்துக் கோபப்பட முடிந்தது. ரொறன்ரோ பொது நூலகத்துக்கு நூறு கிளைகள் இருக்கின்றன. தமிழ்ப் புத்தகமும் படத்தட்டும் எடுக்க ஆளில்லாவிட்டால் அடுத்த வருடம் அவை வாங்கப்படமாட்டா.

இழக்க விரும்பாததை வாங்கி வையுங்கள். எங்கள் எழுத்தாளர் ஷோபாசக்தி முதன்மைப் பாத்திரத்தில் நடித்து, 2015இல் கான் விழாவில் தங்கப்பனை பெற்ற 'தீபன்' இன்றிரவு எந்தத் தளத்தில் கிடைக்கும் என்று தேடிப் பாருங்கள். லண்டனில் ஒரு விடை, ரொறன்ரோவில் ஒரு விடை, அடுத்த வருடம் இரண்டுமே மாறலாம். அதன் தட்டு விற்பனைக்கு வந்திருக்கிறது. அது அலுமாரியில் இருந்தால் யாரும் இரவோடிரவாக எடுத்துக்கொண்டு போகமுடியாது. எங்கள் குறும்படக்காரர்கள் மண்டபம் எடுத்துத் திரையிடும்போது நுழைவுச்சீட்டை வாங்குங்கள். சில சந்தாக்களின் ஒரு மாதக் காசுதான்.

அம்மம்மாவின் விஷயத்துக்கு வழி இன்னும் இலகு. மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லோரும் மாமா வீட்டுக்குப் போங்கள். வாட்டர்லூப் பிள்ளையும் வரட்டும். ஒரு ரீவி, ஒரு கணக்கு, பதினைந்து பேர். கம்பனியின் எந்த விதிப்படியும் அது ஒரு வீடு. மேலதிகக் கட்டணம் கேட்க அவர்களுக்கு இன்னும் வழி தெரியவில்லை.